பனங்கட்டியும் அளவும்

ஆடிப்பிறப்பன்று எங்கள் இல்லத்து அடுப்பங்கரையில் சீனிக்கு இடமில்லை. அரிசிமா, வறுத்த பயறு, தேங்காய்ப்பால் ஆகியவற்றுடன், ஓலைக் குட்டானில் வரும் பனங்கட்டி சேர்ந்தே கூழாகின்றது. கருப்பநீரைக் காய்ச்சிப் பெறும் பனங்கட்டியில் மணமுண்டு. சிறிதளவு தாதுப்பொருள்களும் உண்டு. ஆயினும், அதன் பெரும்பகுதி சீனியிலுள்ள அதே இனிப்புப்பொருளே.

நீரிழிவுடைய என் தமையனார், "பனங்கட்டிதானே தம்பி, ஒன்றும் செய்யாது" என்று இரண்டாங் கிண்ணத்துக்குக் கைநீட்டுவார். மூத்தவரை மறுப்பது எளிதன்று. உணவிற் சேர்க்கும் இனிப்பு, நாளொன்றின் உணவுச் சக்தியில் 10 வீதத்துக்குக் குறைவாயிருத்தல் வேண்டுமென உலக சுகாதார ஸ்தாபனம் 2015ஆம் ஆண்டிற் கூறியது. பனங்கட்டியும் அக்கணக்கில் அடங்கும்.

ஆதலால் பயற்றையும் தேங்காய்ச்சொட்டையும் கூட்டிப் பனங்கட்டியைப் பாதியாக்கினோம், கிண்ணத்தையும் சிறிதாக்கினோம். சுவை குன்றவில்லை. இயற்கை தந்த இனிப்புக்கும் அளவு உண்டு. அவ்வளவை அறிந்து பரிமாறுவதும் அன்பேயாம்.