மஞ்சளை மறைக்கும் மஞ்சள்

புதுச்சேரியில் பிறந்தவர்க்குச் சாயம் புதிதன்று. அவுரி நீலம் தோய்த்த இவ்வூர்த் துணி ஒரு காலத்தில் கடல் கடந்து செனகல் வரை சென்றது. அங்கே பிசின் வணிகத்தில் நாணயம் போலவே கைமாறியது. பின்னர் ஆலைகள் வந்தன. 1898இல் தொடங்கி 2020இல் மூடப்பட்ட ஏ.எஃப்.டி. ஆலையின் சங்கொலிதான் எங்கள் தெருவுக்குக் கடிகாரம். சாயப்பிரிவில் வேலை பார்த்த பெரியப்பாவின் நகக்கண்களில் ஞாயிற்றுக்கிழமையும் நிறம் போகாது. துணிக்கென்று பிறந்த சாயங்கள் மனித மூளையை ஆராயவும் பயன்படுகின்றன என்பதை அவர் அறியாமலே போய்விட்டார். நாமும் பிந்தித்தான் அறிந்தோம். அதுவும் அம்மாவுக்கு அல்சைமர் என்று மருத்துவர் சொன்ன பிறகு.

அந்நோயில் ஒரு சிறு புரதத்துண்டு தன்னைப் போன்றவற்றோடு ஒட்டி இழையாகிறது. இழைகள் திரண்டு மூளையில் படிகின்றன. இப்படிவுப் பொருளுக்கு அமிலாய்டு என்று பெயர். 1854இல் ருடால்ஃப் விர்கோவ் என்னும் ஜெர்மானிய மருத்துவர், அயோடின் பட்டு நிறம் மாறியதைக் கண்டு, மாவுப்பொருளை ஒத்தது என்னும் கருத்தில் இச்சொல்லை வழங்கினார். ஐந்தாண்டுகளில் அது புரதமே என்று தெரியவந்தது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. காரணப்பெயராகப் பிறந்து, காரணம் பொய்த்து, இடுகுறியாய் வாழும் பெயர். நன்னூல் நடத்தும்போது இதை எடுத்துக்காட்டாகச் சொல்ல நமக்கு ஆசைதான். மாணவர்கள் தேர்விலும் எழுதிவிடுவார்களோ என்று அச்சம்.

படிகாரம் முதலிய துணைப்பொருள் இன்றியே பருத்தியில் பற்றும் காங்கோ சிவப்பு 1880களில் ஜெர்மனியில் உருவானது. அது அமிலாய்டிலும் பற்றுவதை 1922இல் பென்ஹோல்ட் கண்டார். தயோஃப்ளேவின் டி என்னும் மஞ்சள் சாயம் அமிலாய்டில் ஒளிர்வதை 1959இல் வாசரும் கல்லிங்கும் காட்டினர். இதன் செயற்பாட்டைக் கல்லூரியின் உயிர்வேதியியல் நண்பர் வினாத்தாளின் பின்புறத்தில் வரைந்து விளக்கினார். மூலக்கூறுக்கு இரு பகுதிகள். நடுவே ஒற்றைப் பிணைப்பு. நீரில் தனித்திருக்கையில் அப்பகுதிகள் முறுக்கிச் சுழல்கின்றன. வாங்கிய ஒளியாற்றல் அச்சுழற்சியிலேயே வீணாகிறது. புரத இழையின் பள்ளத்தில் சிக்கிக்கொண்டாலோ சுழல இடமில்லை. ஆற்றல் ஒளியாக வெளிப்படுகிறது. 450 நானோமீட்டர் அளவிலான நீல ஒளியைப் பாய்ச்சினால் ஏறத்தாழ 482இல் ஒளிர்கிறது. இழைகள் பெருகப் பெருகச் சோதனைக்குழாயில் ஒளி கூடும். அசைவு நின்றபின் ஒளிரும் பொருள் என்பது நமக்குக் கவிதையாகத் தோன்றியது. நண்பர் அதைப் பொருட்படுத்தவில்லை.

இவ்வேளையில்தான் வில்லியனூர் மாமா ஒரு நாளிதழ்த் துணுக்கோடு வந்தார். மஞ்சளிலுள்ள குர்க்குமின் மூளைக் கட்டியைக் கரைக்கிறதாம். "இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்திட்டு அக்காவுக்கு மஞ்சளையே குடுத்துப் பாரேன்ப்பா" என்றார். தமக்கையின் மேல் உள்ள பாசம் அது. எளிதில் மறுக்க இயலவில்லை. அம்மாவின் மாத்திரைகள் நோயைத் தீர்ப்பவையல்ல, சற்றே தாங்கிப் பிடிப்பவை. மருத்துவரைக் கேளாமல் நிறுத்தினால் அந்தத் தாங்கலும் போகக்கூடும்.

துணுக்கில் இருந்த ஒரே சான்று, சாயத்தின் ஒளி குறைந்தது என்பதே. நண்பர் படித்ததும் சிரித்துவிட்டார். குர்க்குமினும் மஞ்சள் நிறச் சாயமல்லவா? அதுவும் அமிலாய்டு இழையில் பற்றும். பாய்ச்சிய நீல ஒளியைத் தானும் உறிஞ்சும். இழைகள் அப்படியே இருக்க, தயோஃப்ளேவினின் ஒளி மட்டும் மங்கிப்போகலாம். ஒரு மஞ்சள் மற்றொரு மஞ்சளை மறைக்கிறது. 2009இல் ஹட்சன் முதலியோர் வெளியிட்ட கட்டுரை குர்க்குமின் உள்ளிட்ட பொருள்களைக் கொண்டு இவ்விடரைச் சுட்டியது. ஆகவே எலெக்ட்ரான் நுண்ணோக்கி போன்ற வேறொரு சாட்சியும் வேண்டும். குர்க்குமின் இழைகளை ஒன்றுமே செய்யாது என்பதன்று வாதம்; ஒளி குறைந்ததை மட்டும் கொண்டு தீர்ப்பெழுதலாகாது. நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்த்த இரு சிறு ஆய்வுகள் 2008இல் ஹாங்காங்கிலிருந்தும் 2012இல் அமெரிக்காவிலிருந்தும் வந்தன. ஒவ்வொன்றிலும் நாற்பது பேருக்கும் குறைவு, ஆறு மாத அளவே கொடுத்தார்கள், பயன் தெரியவில்லை. உண்ட குர்க்குமின் இரத்தத்தில் சேர்வதும் சொற்பமே.

மாமா விடவில்லை. "அந்தச் சாயத்தை அக்கா தலைக்குள்ளேயே விட்டுப் பாக்க முடியாதா?" நியாயமான கேள்வி. தயோஃப்ளேவினின் மூலக்கூறைத் திருத்திக் கதிரியக்கக் கார்பன் ஏற்றிப் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தார் ஒரு பொருளை ஆக்கினர். அதைக் கொண்டு உயிருள்ளோர் மூளையில் படிவுகளைக் கண்ட முடிவுகள் 2004இல் வெளிவந்தன. ஆயினும் படிவுகள் இருந்தும் நினைவு பிசகாத முதியோர் பலர் உண்டு. அம்மாவுக்கு அப்படம் இப்போது தேவையில்லை என்றார் மருத்துவர். நமக்கும் அதுவே சரியெனப் பட்டது. அதில் எது தெரிந்தாலும் அவர் நம்மைப் பெரியப்பாவின் பெயர் சொல்லி அழைப்பது மாறப்போவதில்லை.

மாத்திரைகள் தொடர்கின்றன. மாமா கொண்டுவந்த மஞ்சள்தூள் குழம்புக்குப் போகிறது. அடுத்த முறை வல்லாரை கொண்டுவருவதாகச் சொல்லிச் சென்றிருக்கிறார்.