நமுனுகுலைச் சாரலில் ஒரு பானை

கல்லூரி அன்னையின் விழா மலருக்கு ஏதேனும் எழுதுக என மலர்க்குழுவினர் பணித்தபோது, எமது நினைவில் முதலில் எழுந்தது வகுப்பறையன்று. மழையிற் புகைந்த ஓர் அடுப்பே.

1969ஆம் ஆண்டு மார்கழி விடுமுறையில் எமது கல்லூரிச் சாரணர் பன்னிருவர் பதுளையினின்றும் புறப்பட்டு, நமுனுகுலை மலைச்சாரலில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் எல்லையிலே கூடாரமடித்தோம். ஊவா முழுதும் வடகீழ்ப் பருவமழையில் நனையும் காலம் அது. இராவுணவு ரொட்டியும் மிளகாய்க் குழம்பும் என முடிவாயிற்று. பட்டணத்துப் பிள்ளைகளாகிய யாம் ஈர விறகோடு போராடித் தீப்பெட்டி ஒன்றைத் தீர்த்தோம். புகையன்றி வேறு கண்டிலோம்.

எம்முள் ஒருவன் தோட்டத்து லயத்திற் பிறந்து வளர்ந்தவன். அவன் வாய் திறவாது சென்று, கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து ஒரு கட்டு மிலாறு சுமந்து வந்தான். நனைந்த பட்டையைக் கத்தியாற் சீவி, உள்ளே உலர்ந்திருந்த குச்சிகளை மெல்ல அடுக்கித் தீ மூட்டினான். பானையை ஏற்ற யாம் விரைந்தபோது, “அவசரப்படாதீங்கடா, தணல் விழட்டும்” என்றான்.

முதனாளிரவே ஊறவைத்த சிவந்த போஞ்சி விதையை, ஊறிய நீரை வடித்துவிட்டுப் புதுநீரிற் கொதிக்கவைத்தான். ஒரு மணி நேரமாகியும் இறக்க விடவில்லை. ஒரு விதையை விரலிடை நசுக்கிப் பார்ப்பான், தலையசைப்பான். மலை உயர உயர நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும் என்பதையும், அரைவேக்காட்டுச் சிவப்பு விதை வாந்தியை வருவிக்கும் என்பதையும் யாம் பின்னாளில் நூல்களிற் கற்றோம். அவன் அடுப்படியில் அன்னையிடம் கற்றிருந்தான். விதை வெந்தபின் உருளைக்கிழங்கும் தக்காளியும் வெங்காயமும் பூண்டும் வீழ்ந்தன. வறுத்திடித்த செத்தல் மிளகாயும் மல்லியும் சீரகமும் தொடர்ந்தன. கண்ணீர் வழிய வழிய உண்டோம். குளிர் எங்கோ ஓடி மறைந்தது.

அமெரிக்காவின் டெக்சாசு மாநிலத்தார் இதையொத்த மிளகாய்க் கறியொன்றைத் தம் மாநில உணவாக 1977இல் அறிவித்தனர். அவர்கள் இறைச்சி இடுவர். எமது பானை சைவப் பானை. எனினும் உறவுண்டு. மிளகாயும் போஞ்சியும் தக்காளியும் உருளைக்கிழங்கும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்களே. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் வழியே மிளகாய் எம்மவரிடம் வந்தது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் பயிரிட்ட தேயிலையும் பிறநாட்டுச் செடியே. இவற்றுள் எதனையும் எவரும் ‘நீ எந்நாட்டாய்?’ என்று கேட்டிலர்.

எம் தோழனைக் கேட்டனர். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவன் பெற்றோரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. தோழன் குடும்பம் முந்திய கணக்கில் வீழ்ந்தது. 1973இல் ஒரு நாள், மலைநாட்டார் ஒப்பாரிக் கோச்சி என்றழைத்த வண்டியில், பதுளை நிலையத்திலிருந்து தலைமன்னாரை நோக்கிப் போயினான். மேடையில் நின்று கையசைத்தோம். அவன் அடுப்பில் உண்ட பதினொருவருள் ஒருவரேனும், ‘இது நீதியன்று’ என்று வாய்விட்டுச் சொன்னோமில்லை. அக்குறை இன்றும் எம்மை உறுத்துகின்றது.

எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் பிரசாவுரிமை வழங்கியது. போனவன் போனவனே.

இளைய மாணாக்கர்காள்! நீவிரும் ஒருநாள் அம்மலையில் அடுப்பு மூட்டுவீர். தணல் விழுமட்டும் பொறுத்திருங்கள். ஆனால் அருகிருப்பவனுக்கு அநீதி நேருங்கால் எம்மைப்போற் பொறுத்திராதீர்கள்.