எஞ்சினை உறங்கவைத்தல்

ஓடும் எஞ்சின் தேயும் என்பதை யாவரும் அறிவர். ஓடாது நிற்கும் எஞ்சின் அதனினும் கேடாக அழியும் என்பதை வாகனம் வைத்திருப்போரிற் பலர் அறியார். 2022 ஆம் ஆண்டு பெற்றோல் இன்றி நாடெங்கும் வாகனங்கள் முற்றங்களில் நின்றபோது, அதைச் சிலர் பணம் செலவழித்துக் கற்றுக்கொண்டனர். கடல் கடந்து போன பிள்ளைகளின் கார்கள் இன்றும் நம் ஊர்களில் தாய் தந்தையரின் பொறுப்பில் நிற்கின்றன. “கிழமைக்கு ஒருக்கால் அஞ்சு நிமிசம் ஸ்ராட் பண்ணி விடுங்கோ” என்பதே பிள்ளைகள் சொல்லிச் செல்லும் வைத்தியம். நோயை வளர்க்கும் வைத்தியம் அது.

காரணம் எளிது. ஒரு கலன் பெற்றோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு கலன் நீர் ஆவியாகப் பிறக்கிறது. நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய காரில் அந்த ஆவி வெளியே போய்விடும். ஐந்து நிமிடத்தில் நிறுத்தினாலோ, சைலன்சருக்குள்ளும் ஒயிலுக்குள்ளும் நீராகப் படிந்து இரும்பைத் தின்னத் தொடங்கும்.

இதனை எனக்குக் கற்பித்தவர் என் பெரியப்பா. அவரிடம் ஓர் ஒஸ்ரின் ஏ-40 சோமசெற் இருந்தது. நான்கு சிலிண்டர், 1200 சீ.சீ. எஞ்சின். 1990 யூனில் போர் மீண்டும் மூண்டு, வடக்கே பெற்றோல் வருவது நின்றது. அக்காலத்தைக் கண்டவர்களுக்கு அதன்பின் நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. காபரேற்றரிற் சிறிது பெற்றோல் தெளித்து எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினர். கார்கள் புகையைக் கக்கிக்கொண்டு ஓடின. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரிலுள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழிறங்கி, அடியிலுள்ள ஒயிலையும் நீர்த்துப்போகச் செய்தது. பெரியப்பா அதற்கு இணங்கவில்லை. “தம்பி, இதை நான் படுக்கப் போடப்போறன்” என்றார்.

படுக்கப் போடுவதற்கு இரண்டு நாட் பிடித்தது. முதலில், மிஞ்சியிருந்த பெற்றோலில் காரை நன்றாகச் சூடேறும்வரை ஓட்டினார். சூட்டோடு பழைய ஒயிலை வடித்துப் புதியதை ஊற்றினார். எரிபொருளின் அமிலம் பழைய ஒயிலில் ஊறியிருக்கும். அதை உள்ளே விட்டால் பேரிங்குகளை அரிக்கும். பின்பு தாங்கியிலிருந்த பெற்றோலைப் போத்தல்களில் எடுத்துவிட்டு, காபரேற்றரில் எஞ்சியது தீர்ந்து எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டார். நாட்பட்ட பெற்றோல் பிசினாகி நுண்துளைகளை அடைத்துவிடும் அல்லவா? வெறுந்தாங்கி துருப்பிடிக்கும் என்று அதற்குள் அரைப்போத்தல் ஒயில் ஊற்றி, காரை இருபுறமும் பிடித்து ஆட்டச் சொன்னார். ஆட்டியவன் நான்.

றேடியேற்றரை அடியோடு வடித்தார். எஞ்சினின் பக்கத்திலுள்ள குழாயையும் மறக்காது திறந்தார். எங்கள் கிணற்றுநீரின் சுண்ணாம்பைப் பற்றி யாழ்ப்பாணத்தாருக்கு நான் சொல்வானேன்! நான்கு பிளக்குகளையும் கழற்றி, துளைக்கு ஒரு மேசைக்கரண்டி ஒயில் விட்டு, முன்புறக் கைப்பிடியைச் செருகி மெல்லச் சுழற்றினார். ஒயில் சுவரெங்கும் பரவியபின் பிளக்குகளைப் பூட்டினார். எஞ்சின் எந்த நிலையில் நின்றாலும் ஏதோவொரு சிலிண்டரின் வால்வு திறந்தேயிருக்கும். உப்புக்காற்றுக்கு அது வாசல். ஆகவே காற்றுப் புகும் வாயையும் சைலன்சர் வாயையும் ஒயிலில் தோய்த்த சீலையால் அடைத்தார். கிளச் தட்டு துருவேறி ஒட்டிக்கொள்ளாதிருக்க, மிதியை அமர்த்தி ஆசனத்துக்கும் அதற்கும் இடையே ஒரு பனஞ்சலாகையை முட்டுக்கொடுத்தார். அச்சுகளின் கீழே பனங்குற்றிகள் வைத்து ரயர்களை நிலத்திலிருந்து தூக்கினார். பற்றரி வீட்டு வானொலிக்குப் போயிற்று; அது செத்தபின் சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் செய்தி கேட்டோம்.

கடைசியாக ஒரு தகரத்துண்டில் ஆணியாற் கீறி எழுதி, ஸ்ரியறிங்கில் கட்டினார்: தண்ணீர் இல்லை, பெற்றோல் இல்லை, சீலை இரண்டிடத்தில், கிளச்சில் தடி, பிளக் கழற்றி ஒயில் விட்டுச் சுழற்றியபின் ஸ்ராட் செய்க. “கடதாசியெண்டால் கறையான் தின்னும்” என்றார். தாம் மறந்துவிடுவார் என்று எழுதினாரா, வேறொருவருக்காக எழுதினாரா என்பதை நான் கேட்கவில்லை.

இக்காலத்துக் காருக்கு இவை எல்லாம் பொருந்தா. அதன் றேடியேற்றரில் இருப்பது துருத்தடுக்கும் திரவம், அதை வடிக்கக்கூடாது. ஒயில் மாற்றுதல், பற்றரியைக் கழற்றுதல், ரயரைத் தூக்குதல், எலி புகும் வழிகளை அடைத்தல் என்பவை இன்றும் மாறவில்லை.

ஊரில் பெரியப்பாவைக் குறை சொன்னோர் இருந்தனர். அடுத்த ஒழுங்கையில் இருந்த இதேவகைக் கார், இரவென்றும் பகலென்றும் பாராது நோயாளரையும் பிள்ளைப்பேற்றுக்காரரையும் ஆஸ்பத்திரிக்குச் சுமந்தது. “இவர் இரும்புக்குச் சீலை சுத்தி வைச்சிருக்கிறார்” என்றனர். அந்தக் காரின் எஞ்சின் 1995 இற்குள் முற்றாகத் தேய்ந்துவிட்டது. அது வீணாகத் தேய்ந்தது என்று சொல்ல எனக்கு வாய் வராது. பெரியப்பாவும் சொன்னதில்லை. தாம் வடித்தெடுத்த பெற்றோலைச் சிறு மருந்துப்போத்தல்களில் நிரப்பி, அந்தக் காரை எழுப்புவதற்கென்று ஒவ்வொன்றாகக் கொடுத்துவந்தார். கடைசிப் போத்தல் தீர்ந்தது எவருக்கும் தெரியாது.

1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் வலிகாமமே எழுந்து நடந்தது. நாங்களும் நடந்தோம். பெரியப்பா தென்மராட்சியிலிருந்து வன்னிக்குப் போனார். அங்கே காய்ச்சல் கண்டு இறந்தார். 1996 இல் நாங்கள் திரும்பியபோது கொட்டகையின் கூரை பாதி இல்லை. சில்லுகள் நான்கும் இல்லை. பனங்குற்றிகளின்மேல் கார் நின்றது. தகரம் ஸ்ரியறிங்கில் தொங்கியது.

அதைப் படித்துப் படித்தே வேலை செய்தேன். பிளக்குகளைக் கழற்றி ஒயில் விட்டுக் கைப்பிடியை அழுத்தினேன், அசையவில்லை. பலவந்தம் செய்யாது இரண்டு நாள் ஊறவிட்டேன். மூன்றாம் நாள் அரைச்சுற்று நகர்ந்தது, பின்பு முழுச்சுற்று. சில்லும் பற்றரியும் பெற்றோலும் தேடிச் சேர்ப்பதற்குள் ஓராண்டுக்கு மேலாயிற்று. எஞ்சின் எழுந்த அன்று கால்மணி நேரம் நீலப்புகை கக்கியது. பெரியம்மா வாசற்படியில் நின்று பார்த்தார்; ஒன்றும் பேசவில்லை. புகை அடங்கியபின் வந்து, கிளச்சிலிருந்து நான் கழற்றிப் போட்ட பனஞ்சலாகையை எடுத்துக்கொண்டு போனார். குசினி யன்னலுக்கு முட்டாக அது நெடுங்காலம் இருந்தது.