அத்தையின் செருப்பு

பிரீத் சண்டி பயிற்சிக்காக டயர்களை இடுப்பில் கட்டி இழுத்துக்கொண்டு நடந்தாராம். அதை மேற்கு மாம்பலத்தில், ஆர்ய கவுடா சாலையில் செய்திருந்தால் அயோத்தியா மண்டபம் வருவதற்குள் நாலு மாமிகள் நிறுத்தி விசாரித்திருப்பார்கள். சண்டி அப்போது பிரிட்டிஷ் ராணுவத்தில் பிசியோதெரபிஸ்ட், பஞ்சாபிக் குடும்பத்துப் பெண். 2022 ஜனவரி 3 அன்று தென் துருவத்தைத் தொட்டார். கரையோரத்திலிருந்து 1,100 கிலோமீட்டருக்கு மேல், 40 நாள். காலில் ஸ்கீ, பின்னால் மூட்டை ஏற்றிய சறுக்கு வண்டி. துணைக்கு ஆள் கிடையாது.

இவருக்குப் பத்து வருஷம் முன்பு, 2012இல், ஃபெலிசிட்டி ஆஸ்டன் அண்டார்டிகாவையே குறுக்காகத் தனியாகக் கடந்தார், 59 நாள். தினமும் காலையில் கூடாரத்தை விட்டு வெளியே வருவதுதான் பெரும்பாடாக இருந்தது என்று அவர் சொன்னதைப் படித்தபோது அத்தை ஞாபகம் வந்தது.

அத்தை டெலிபோன் ஆபரேட்டர். டிரங்க் கால் காலம். நைட் டியூட்டி முடிந்து விடிகாலை மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி, கோலம் போடும் பெண்களைக் கடந்து வீட்டுக்கு வருவாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ரிடையரானதும் தனியாகக் காசிக்குப் போனாள்; திரும்பி வந்த பிறகுதான் எங்களுக்கே தெரியும். "வேலை ஒண்ணும் கஷ்டமில்லேடி. ராத்திரி எட்டு மணிக்கு எல்லாரும் பார்க்கப் பார்க்கச் செருப்பை மாட்டிண்டு கிளம்பறதுதான்..." என்பாள். முடிக்க மாட்டாள்.

2018இல் மங்களா மணி பற்றிய செய்தியை அவளுக்கு நான்தான் படித்துக் காட்டினேன். இஸ்ரோ விஞ்ஞானி, வயது 56. அண்டார்டிகாவில் நம் பாரதி நிலையத்தில் 403 நாள் இருந்துவிட்டு வந்திருந்தார். துருவங்களை ஒட்டிச் சுற்றும் செயற்கைக்கோள்கள் ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் பக்கம் வந்துதான் போகும். அப்போது அவை அனுப்பும் தகவலை வாங்கி ஹைதராபாத் பக்கம் ஷாத்நகருக்கு அனுப்பும் வேலை. 23 பேர் குழுவில் பெண் இவர் ஒருத்திதான். பேப்பர் முழுக்கக் குளிரைப் பற்றியே எழுதியிருந்தது. அத்தை கண்ணாடியைக் கழற்றாமலே சொன்னாள்: "குளிர் பழகிடும். இருபத்திரண்டு ஆம்பிளைகளோட ஒரு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே... அதையில்லையோ எழுதணும்!"

நைட் டியூட்டியில் பக்கத்து சீட்டு ஆண்களைப் பற்றி அவள் பேசியதே இல்லை. நானும் அன்றைக்குக் கேட்கவில்லை.

சண்டி 2022 நவம்பரில் மறுபடி போனார். இந்தத் தடவை துருவத்தோடு நிற்காமல் கண்டத்தையே கடக்க வேண்டும் என்று. 70 நாளில் 1,485 கிலோமீட்டர். வெளியுதவி இல்லாமல் ஒற்றை ஆளாகப் போன துருவப் பயணங்களில் அதுவே மிக நீண்டது என்று அப்போது பதிவானது, ஆண்களையும் சேர்த்து. ஆனால் எதிர்க்கோடி எட்டவில்லை. கையில் நாள் தீர்ந்துவிட்டது. உலகம் சாதனை என்று கைதட்டிக்கொண்டிருந்தபோது அவர், மிச்சம் அதிக தூரமில்லை, முடிக்க முடியாதது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று பனியில் இருந்தபடியே எழுதிவிட்டார். அந்த வெடுக்கென்ற பேச்சுக்காகவே அத்தைக்கு அவரைப் பிடித்திருக்கும்.