காணாமல் போன ஆறு அண்டா

மலருக்குக் கவிதை கேட்டார்கள். எனக்கு வராது. நான் ஒரு சாய அண்டாவைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்காதீர்கள், அந்த அண்டாவால் எங்க அப்பா தலைகுனிய வேண்டி வந்தது.

அப்பா கூலிக்குப் பட்டு நெய்பவர். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியது நான்தான். ஏனாத்தூர் பக்கம் அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் சாயப்பட்டறை கட்ட இருந்தார். அதற்குத் தண்ணீர் லைனும் கழிவுநீர் லைனும் ரெவிட் மென்பொருளில் வரைவதுதான் என் கடைசி வருட ப்ராஜெக்ட். “உங்க பையன் குடுக்கிற லிஸ்ட்ட வச்சே சாமான் வாங்கிடலாம்” என்று அவர் சொன்னதிலிருந்து அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

ரெவிட்டோடு வரும் பாகங்களில் வாஷ்பேசின் உண்டு, குளியல் தொட்டி உண்டு. பட்டு நூலுக்குச் சாயம் போடும் அண்டா எங்கே இருக்கும்? நானே ஒரு ‘ஃபேமிலி’ செய்தேன். வட்டப் பாத்திரம், அடியில் கழிவு பைப்புக்கு ஒரு கனெக்டர். கிரிட் கோடுகள் சந்திக்கும் இடங்களில் ஆறு அண்டா வைத்து பைப்பை இணைத்தேன்.

பிளானில் பைப்பை ஒற்றைக் கோடாகக் காட்டச் சொன்னார் வழிகாட்டி ஆசிரியர். கோர்ஸ், மீடியம், ஃபைன் என்று ரெவிட்டில் மூன்று விவர அளவு. பைப், ஃபைனில்தான் இரட்டைக் கோடு. மற்ற இரண்டிலும் ஒற்றை. (டக்ட் அப்படியில்லை, மீடியத்திலேயே இரட்டைக் கோடாகிவிடும்.) கோர்ஸுக்கு மாற்றினேன். பைப் ஒற்றைக் கோடானது. ஆறு அண்டாவும் மாயம்!

அழிந்துவிட்டது என்று நினைத்து அதே இடங்களில் மறுபடி வைத்தேன். மூலையில் இங்கிலீஷில் ஏதோ எச்சரிக்கை வந்தது. தமிழ் மீடியம் ஆள், படிக்காமலே மூடினேன். தெரியவில்லை. இன்னொரு முறை வைத்தேன். மறுபடி எச்சரிக்கை, மறுபடி மூடினேன். 3டி படத்தை ஃபைனில் வைத்திருந்ததால் அதில் ஆறும் அழகாகத் தெரிந்தன. அந்தப் படத்தையும் சாமான் பட்டியலையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு அப்பாவோடு போனேன்.

அவர் பட்டியலைத்தான் முதலில் பார்த்தார். “அண்டா பதினெட்டா? ஆறு போடவே எடம் நெருக்கமா இருக்கு. ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கறதா?”

அவர் கிண்டலாகச் சொன்னது அப்படியே உண்மை என்பது மறுநாள்தான் தெரிந்தது. அப்பா, “இப்பத்தாங்க படிக்கிறான்” என்றார். திரும்பும் வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் லேபில் ஒரு அண்ணன், “3டியில ஒரு அண்டாவ நகர்த்திப் பாருடா” என்றார். நகர்த்தினேன். கீழே இன்னொன்று. அதையும் நகர்த்தினால் மூன்றாவது! நான் மூடிய எச்சரிக்கைகளை இப்போது படித்தேன். ‘வைத்தது இந்தப் படத்தில் தெரியாது, அமைப்பைப் பார்’ என்பது ஒன்று. ‘ஒரே இடத்தில் ஒரே பொருள் இருக்கிறது, பட்டியலில் இரட்டிப்பாக எண்ணப்படும்’ என்பது இன்னொன்று. இதைவிடத் தெளிவாக எவன் சொல்வான்?

சரி, ஏன் தெரியவில்லை? வி.வி. தட்டிப் பார்த்தோம், அந்த வகை அணைக்கப்படவில்லை. மறைத்ததைக் காட்டும் பல்பைப் போட்டோம், வரவில்லை. பிளானின் வெட்டுத்தளம் 1200 மில்லிமீட்டர், அண்டா அதற்குக் கீழேதான் இருந்தது. கடைசியில் ஃபேமிலியைத் திறந்து, பாத்திரத்தைத் தேர்ந்து, விசிபிலிட்டி செட்டிங்ஸ் பார்த்தால் ஃபைனில் மட்டும் டிக். கம்ப்யூட்டர் திணறாமல் இருக்க அப்படி வைக்கலாம் என்று எங்கோ படித்து நானே எடுத்த டிக்! வைக்கலாம்தான். ஆனால் கோர்ஸுக்கும் மீடியத்துக்கும் சிம்பாலிக் லைனில் ஒரு வட்டம் போட்டிருக்க வேண்டும். போட்டு, ப்ராஜெக்டில் மறுபடி ஏற்றினேன். ஆறு வட்டமும் வந்தன.

உபரி பன்னிரண்டை எச்சரிக்கைப் பட்டியலிலிருந்தே நீக்கலாம். அவசரப்படாதீர்கள், பைப் இணைந்திருப்பது முதலில் வைத்ததில்தான். ஐடி எண் சின்னதாக இருப்பது பழசு, அதைத் தொடக்கூடாது.

ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். “ஜக்கார்டுல அட்டையில ஓட்ட விழலன்னா அந்த இழ எழும்பாது. அதுக்காக பாவுல புது இழ சேப்பமா? அட்டையத்தான பாப்போம்” என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை புது பிளானோடு போனோம். பட்டியலில் அண்டா 6. அவர் வட்டங்களை விரலால் எண்ணினார். பிறகு, “இந்த மூணாவது செவுத்துக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கே தம்பி, கொஞ்சம் தள்ளிப் போட முடியுமா?” என்று கேட்டார். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க அப்பா எழுந்தார்.