ஜே-10: மூக்குக்குக் கீழே

சீனாவின் ஜே-10 போர் விமானத்தில் முதலில் பார்க்க வேண்டியது, மூக்குக்குக் கீழே இருக்கிற காற்றுவழி.

ஆரம்பகால ஜே-10ஏ-ல அது பெட்டி மாதிரி இருக்கும். உள்ளே அசையும் தகடு, மேலே உடலோடு பிணைக்கிற சின்னச் சின்னத் தாங்கிகள்.

2008-ல் பறந்த ஜே-10பி-ல அதெல்லாம் போயிடுச்சு. பதிலுக்கு வழவழன்னு ஒரு புடைப்பு. எடை குறைஞ்சுது, எதிரி ரேடாரில் தெரியறதும் குறைஞ்சுது. எவ்வளவு அழகான வேலை!

அடுத்த ஜே-10சி-க்குப் புது ரேடார், நெடுந்தூர பிஎல்-15 ஏவுகணை. பிறகு ரஷ்ய எஞ்சின் இருந்த இடத்தில் சொந்த டபிள்யூஎஸ்-10. ஆனா அடிப்படையில் 1998-ல் முதன்முதலா பறந்த அதே வடிவம்தான். பாகிஸ்தான் 2022-ல் படையில் சேர்த்ததும் இந்த ஜே-10சி வகையைத்தான்.

பழைய விமானத்தையே படிப்படியா மாத்துறது சீனாவுக்குப் பழகின வழி. சோவியத் மிக்-21 வழிவந்த ஜே-7-ஐ, இறக்கை வரைக்கும் மாத்தி, 2013 வரை தயாரிச்சாங்க.

அமெரிக்காவும் 1972-ல் பறந்த எஃப்-15-ஐப் புதுப்பிச்சு எஃப்-15இஎக்ஸ் கட்டுது.

இப்படிப் புதுப்பிச்சா, தொழிற்சாலை ஏற்கெனவே தயார். பழுதுபார்க்கிற கைகளுக்கும் விமானிகளுக்கும் பழக்கமான வண்டி. ரேடார் கண்ணில் படாம நுழைய சீனாவுக்கு ஜே-20 போர் விமானம் வேணும், சரி. தினசரி எல்லை ரோந்துக்கும் அதே விலையுயர்ந்த விமானம் எதுக்கு?