12 மி.மீ. தண்டவாளமும் ஒரு பி.காம். மாணவனும்

பொம்மை ரயில் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் என் வகுப்பு ஜனங்கள் சிரிப்பது இங்கே கேட்கிறது. சிரிங்க, பரவாயில்லை. நம்ம மார்க்கெட்டிங் பேப்பரில் வருகிற சமாச்சாரம் பாதி இதில் இருக்கிறது. கூடவே என் தாத்தாவும் இருக்கிறார்.

முதலில் கொஞ்சம் கணக்கு. மாடல் ரயில்களில் உலகம் முழுக்க அதிகம் புழங்குவது ஹெச்ஓ, அதாவது நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு. பிரிட்டனில் மட்டும் ஓஓ, 76-ல் ஒரு பங்கு. இரண்டுக்கும் தண்டவாளம் ஒன்றுதான், 16.5 மி.மீ. அகலம். (16.5-ஐ 76-ஆல் பெருக்கினால் 1254 மி.மீ. வருகிறது. நிஜப் பாதை 1435. பிரிட்டிஷ்காரர்கள் தலைமுறை தலைமுறையாக ஒடுங்கின பாதையில்தான் வண்டி விடுகிறார்கள்!) டிடி என்கிற அளவு 120-ல் ஒரு பங்கு, தண்டவாளம் 12 மி.மீ. பெருக்கிப் பாருங்கள்: 1440. கிட்டத்தட்ட கச்சிதம். ஓஓ கேட்கிற இடத்தில் பாதிகூட இதற்கு வேண்டாம். பெயரே 'டேபிள் டாப்' என்பதன் சுருக்கம்தான்.

அப்புறம் ஏன் ஓடவில்லை? 1945-ல் அமெரிக்காவில் பிறந்து, பெரிதாக வளராமல் நின்றது. பிரிட்டனில் 1957-ல் ட்ரையாங் கம்பெனி கொஞ்சம் மாறுபட்ட அளவில், 102-ல் ஒரு பங்காக, இறக்கியது. பத்து வருஷம்கூட தாக்குப்பிடிக்கவில்லை. வாங்கினவர்கள்தான் பாவம். ஆனால் அவர்கள் சும்மா இருக்கவில்லை, 1965-ல் 3மி.மீ. சொசைட்டி என்று சங்கம் வைத்து அந்த அளவை உயிரோடு வைத்திருந்தார்கள்.

டிடி நன்றாக வேரூன்றின இடம் கிழக்கு ஜெர்மனி. ட்ஸோய்க்கே கம்பெனி இன்ஜின், பெட்டி, தண்டவாளம் எல்லாவற்றையும் வரிசையாகக் கொடுத்தது. சின்ன அடுக்குமாடி வீட்டுக்கு அது தோதாகவும் இருந்தது. ஜெர்மனி ஒன்றான பிறகு 1990களில் டில்லிக் கம்பெனி அந்த வியாபாரத்தை எடுத்துக்கொண்டது.

பிரச்சினை என்னவென்றால், இன்ஜின் வாங்குகிறவன் இன்ஜினை மட்டும் வாங்குவதில்லை. அடுத்த வருஷம் இதற்குப் பொருந்துகிற பெட்டி கிடைக்குமா, ஒரு பாயின்ட் உடைந்தால் வேறு வாங்க முடியுமா என்று யோசிக்கிறான். கம்பெனியோ, எத்தனை பேர் வாங்குவீர்கள், சொன்னால் அச்சு வெட்டுகிறேன் என்கிறது. இவன் அவனைப் பார்க்க, அவன் இவனைப் பார்க்க, கடை மூடிவிடுகிறது.

2022-ல் ஹார்ன்பி இந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்தது. 'டிடி:120' என்று பெயர் வைத்து, முழு செட்டோடு, பின்னால் வரப்போகிற வண்டிகளின் நீளப் பட்டியலையும் சேர்த்தே அறிவித்தது. அதே வருஷம் பீக்கோ தண்டவாளம் அறிவித்தது. என் கணக்கில் இன்ஜினைவிட அந்தப் பட்டியல்தான் முக்கியமான சரக்கு. அது ஒரு வாக்குறுதி. ஆனால் ஆரம்பத்தில் கடைகளை ஒதுக்கி, நேரடியாக மட்டும் விற்றார்கள். கடைக்காரர் கமிஷன் மிச்சம், விலை குறையும், சரி. ஆனால் இந்த அளவின் ஒரே கவர்ச்சி அதன் அளவுதானே? போட்டோவில் எல்லா இன்ஜினும் ஒரே சைஸ்தான் :-) கையில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

இதெல்லாம் பிரிட்டன் கதை, உனக்கென்ன என்கிறீர்களா? நம்ம ஊர் மீட்டர் கேஜ் 1000 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் 11.5. அதாவது, டிடி தண்டவாளத்தின் மேல் ஹெச்ஓ அளவில் நம்ம மீட்டர் கேஜ் வண்டியை ஓட்டலாம்! சுவிட்சர்லாந்து மலை ரயில்களை இப்படித்தான் 12 மி.மீ. பாதையில் ஓட்டுகிறார்கள். தாத்தா மீட்டர் கேஜ் கார்டு. வயது எண்பத்து இரண்டு. அவர் போன பாதையெல்லாம் இப்போது அகலப்பாதை. ஊட்டி ரயில் மட்டும் மிச்சம்.

பெட்டியின் உடம்பை அட்டையிலோ 3டி பிரின்டிலோ செய்துவிடலாம். சக்கரமும் மோட்டாரும் உள்ள அடிப்பாகமும் தண்டவாளமும்தான் வெளியிலிருந்து வர வேண்டும். அங்கே டிடி நிறைய விற்றால் இவை மலியும். ஆனால் பொம்மைக்கான இறக்குமதி வரி 2023 பட்ஜெட்டில் 70 சதவீதம் ஆனது. தனி ஆளாக எனக்குக் கட்டாது.

அதனால் என் யோசனை இது: ஆளுக்கு ஒரு பலகை. நான்கடிக்கு ஓரடி, இரண்டு முனையிலும் தண்டவாளம் ஒரே இடத்தில் முடிய வேண்டும், நடுவில் என்ன ஊர் வைத்தாலும் அவரவர் இஷ்டம். ஐந்து பேர் சேர்ந்தால் இருபதடி. இன்ஜின் ஒன்று போதும், செலவைப் பிரித்துக்கொள்ளலாம். கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம் என்பதால் ஹவுஸ் ஓனருக்கும் தொந்தரவில்லை.

என் பலகைக்கு ப்ளைவுட் வாங்கியாகிவிட்டது. தாத்தாவிடம் அவருடைய பழைய ஸ்டேஷன் யார்டை வரைந்து தரச் சொல்லியிருக்கிறேன். இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்கிற குழாய் பிளாட்பாரத்துக்கு எந்தப் பக்கம் என்று மூன்று நாளாக அவருக்கும் பாட்டிக்கும் சண்டை நடக்கிறது.